ஜம்ரா என்ற பெயர்

கொர்பா,
அக்டோபர் 9

அன்புள்ள மொன்ஜி அண்ணாவுக்கு,

ஸலாம். மார்செய் நகரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? உம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. தினமும் காலையில் "மொன்ஜி பேசினானா?" என்று கேட்கிறார். மூன்று வாரமாக நீங்கள் போனை எடுக்கவில்லை என்று சொல்ல மனமில்லாமல், கடையில் வேலை அதிகமாம் என்று சமாளிக்கிறேன்.

இந்த வருஷம் மிளகாய் நல்ல விளைச்சல். மொட்டைமாடி முழுக்கக் காய்கிறது. என்னோடு தொழில் செய்யும் ஹயெட்டும் மற்ற ஏழு பெண்களும் காம்பு கிள்ளிக் கிள்ளி, எரிச்சல் தாங்காமல் விரல்களை ஆலிவ் எண்ணெயில் முக்கிக்கொள்கிறார்கள். சூஸ் நகரில் இரண்டு கடைக்காரர்கள் எங்கள் ஹரீஸா மிளகாய் விழுதைக் கேட்டிருக்கிறார்கள். பதிவான பெயரோடு ஜாடி வந்தால்தான் வாங்குவார்களாம்.

அந்தப் பெயரைப் பற்றித்தான் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முதலில் 'கொர்பா ஹரீஸா' என்று கேட்டேன். டிரேட்மார்க் அலுவலக குமாஸ்தா, "ஊர்ப் பேரை உனக்கு மட்டும் எப்படிம்மா எழுதிக் குடுக்கிறது? வேற யோசி" என்று அனுப்பிவிட்டார். பிறகுதான் 'ஜம்ரா' தோன்றியது. நெருப்புக் கங்கு. உங்களுக்குத்தான் முதலில் சொன்னேன். வேறு யாருக்கும், ஹயெட்டுக்குக்கூட, அப்போது சொல்லவில்லை. ஆகஸ்டில் அலுவலகத்தில் தேடிப் பார்த்தார்கள். உணவு வகையில் அதே பெயரோ, அதைப் போல ஒலிக்கும் பெயரோ இல்லை. "தேடினதால பேர் உன்னுதாயிடாது, சீக்கிரம் விண்ணப்பம் போடு" என்றார் குமாஸ்தா. அதையும் உங்களிடம் சொன்னேன். அந்த வாரம் உம்மா வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரி, வீடு என்று நாள் ஓடிவிட்டது. தாமதித்தது என் தப்புதான்.

செப்டம்பர் 17 அன்று போனேன். குமாஸ்தா கணினியைப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். "இதே பேரு, இதே வகை. அஞ்சு நாள் முந்திட்டாங்கம்மா." விண்ணப்பித்த கம்பெனியின் பெயர் எனக்குத் தெரியாது. கீழே இருந்த முகவரி தெரியும். பன்னிரண்டு வருஷமாக உங்களுக்கு எழுதும் உறைகளில் நான் எழுதும் முகவரி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதே கட்டடத்தில் வேறு யாராவது இருக்கலாம். நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டிருக்கலாம். இப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

வக்கீல் துராயா, நவம்பர் இருபதுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம் என்கிறார். "நீங்கதான் முதல்ல யோசிச்சீங்கன்னு காட்ட என்ன இருக்கு?" என்று கேட்டார். ஒன்றே ஒன்று இருக்கிறது. நான் உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜும், "நல்ல பேரு ரவ்தா, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்ற உங்கள் பதிலும். அதை அவரிடம் காட்டாமல், தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதைக் கொடுத்தால் உங்கள் பெயர் வழக்கில் ஏறும், உம்மா காதுக்கும் போகும். கொடுக்காவிட்டால் எட்டுப் பெண்களின் உழைப்பு போகும். நேற்று ஹயெட், "யாருடி அந்தத் திருட்டுப் பய?" என்றாள். யாரோ வெளிநாட்டுக்காரன் என்றேன்.

அண்ணா, "நான் இல்லை" என்று ஒரு வரி எழுதுங்கள், நம்பிவிடுகிறேன். நீங்கள்தான் என்றால் எதுவும் எழுத வேண்டாம். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும். ஏன் என்று கேட்கவும் மாட்டேன்.

அல்லாஹ் உங்களை எனக்கு அண்ணனாகவே வைத்திருக்கட்டும்.

உங்கள் தங்கை,
ரவ்தா