இரண்டு தடவை விழுந்தேன்

இல்லை அக்கா, அதைக் கிழித்துப் போடவில்லை. கிழித்திருப்பேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை தேயிலைத் தோட்டத்து வீட்டில் என் ஆய்வேட்டின் நகலை அலமாரியிலிருந்து இழுத்தபோது உள்ளிருந்து விழுந்தது. நான்காக மடித்த வெள்ளைத் தாள். இடது ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் பட்ட கறை. கொழுந்துச் சாறு காய்ந்தால் கறுக்கும், பிறகு போகாது. மூன்று வருடத்தில் கொஞ்சம் பழுப்பாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

"பேப்பர்ல கை வைக்காதீங்கக்கா, அழுக்காயிரும்" என்று சொன்னேன். நீங்கள் கையை இழுத்துப் புடவையில் துடைத்தீர்கள். துடைத்தால் போகிற கறை இல்லை அது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இருந்தும் துடைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுச் சமையலறை. அப்பா ஃபேக்டரியில் டீமேக்கர் என்பதால் எங்களுக்கு மேலே குவார்ட்டர்ஸ். உங்களுக்குக் கீழே தொழிலாளர் லைன் வீடு. நடுவில் நாற்பது படி. நீங்கள் படியேறி வந்து, வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள். மூச்சு வாங்கியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

தோட்டத்தில் எதைக் கேட்பதானாலும் எழுதித்தான் கேட்க வேண்டும், ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அப்படியொரு விதி எங்கும் கிடையாது. மேனேஜர் துரைமார் வெளி மாநிலங்களிலிருந்து வந்து வந்து ஏற்பட்ட பழக்கம். தமிழ்க் காகிதம் ஆபீஸ் மேசையிலேயே கிடக்கும். ஆங்கிலக் காகிதம் உள்ளே போகும். அதனால் விடுமுறைக்கு வீடு திரும்பும் படித்த பெண்ணைத் தேடி ஆட்கள் வருவார்கள். நீங்களும் வந்தீர்கள்.

"எழுது புள்ள. தொரைக்கு வணக்கம். போன வாரம் காட்டெருமை வந்து எங்க லைன் பின்னால…"

"காட்டெருமை வேணாங்க்கா. சப்ஜெக்ட் என்னன்னு சொல்லுங்க."

"என்னா சப்ஜெக்டு?"

"எதப் பத்தின லெட்டர்னு மேல எழுதணும்."

"என்னயப் பத்தினதுதான்."

சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். பிறகு குரலை இறக்கினீர்கள். அடுப்படியில் அம்மா இருந்தாள்.

"நாப்பதாம் நம்பர் மலையில ஏற ஏலாது புள்ள. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ரெண்டு தடவ விழுந்துட்டேன், கொழுந்துப் பையோட. வீட்டுல கூடச் சொல்லல. தொரைக்கு மட்டும் சொல்றேன். என்னய நாத்து நர்சரியில போடச் சொல்லு. அங்க சமதரை."

'ஏலாது' என்பது உங்கள் அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சொல். எனக்கு அது பிடிக்கும். அன்று அதை மனதில் குறித்துக்கொண்டேன், ஆய்வுக்கு உதவும் என்று.

நான் அந்த வாரம் இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். சாக்காக அல்ல. கோயம்புத்தூரில், வகுப்பில், பேராசிரியர் என் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தை உரக்கப் படித்திருந்தார். "ஆஸ் ஃபார் ஆஸ்" என்று தொடங்கியிருந்தேன். முடிவில் வர வேண்டிய "இஸ் கன்சர்ன்ட்" இல்லை. தமிழில் 'பெண் தொழிலாளர்களைப் பொறுத்த' என்று எழுதி 'வரை'யை விட்டுவிட்டால் எப்படியோ அப்படி. "பாதிப் பாலத்தில் நிற்கிறாள்" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. எஸ்டேட்டிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

அதனால் உங்கள் கடிதத்தில் ஒரு பாலமும் பாதியில் நிற்கவில்லை. எதைக் குறித்து, எதன் தொடர்பாக, எதைப் பொறுத்தவரை: எல்லாம் முழுசு. 'எனது உடல்நிலையைப் பொறுத்தவரை சில சிரமங்கள் உள்ளன. மேற்படி சிரமங்கள் தொடர்பாக, பணி மாற்றம் குறித்துப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.' ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருந்தது. விழுந்ததை எழுதவில்லை. கண் இருட்டியதை எழுதவில்லை. அந்த நடைக்குள் அவை பொருந்தவில்லை.

முழுவதும் படித்துக் காட்டினேன், ஆங்கிலத்திலேயே. நீங்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டீர்கள்.

"விழுந்தத எழுதிட்டியா?"

"எல்லாம் இதுக்குள்ள இருக்குங்க்கா."

"நீளமாத்தான் இருக்கு. அப்ப இருக்கும்."

தமிழில் கையெழுத்துப் போட்டீர்கள். அப்போதுதான் விரல் பட்டது.

பத்து நாள் கழித்து, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆளெடுக்கும்போது காகிதம் உங்கள் கைக்குத் திரும்பி வந்தது. மாலை நேராக என்னிடம் கொண்டுவந்தீர்கள். அடியில் நீல மையில் ஒன்றரை வரி. 'சிரமங்கள் எவை என்று குறிப்பிடவில்லை. பரிசீலிக்க இயலாது.'

நியாயமான பதில் அக்கா. அந்த மனிதருக்கு என்ன தெரியும்? நான் எழுதியது வெறும் வாசல். இதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு, பேசாமல் வந்துவிட்டேன்.

"என்னா சொல்றாரு தொரை?"

"பாக்கறேங்கறாருங்க்கா."

"எப்பவாம்?"

"கொஞ்ச நாள்ல."

பத்து நிமிடம் போதும், இன்னொரு தாளில் எழுத. ஆனால் எழுத வேண்டுமென்றால், முதல் தாளில் அதை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. காகிதத்தை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். "வச்சிக்க, நீதானே எழுதுன" என்றீர்கள். மறுநாள் எனக்குப் பஸ். ஒரு பை பிளம்ஸ் கொடுத்துவிட்டிருந்தீர்கள். பர்லியாரில் பஸ் நின்றபோது அதிலிருந்து இரண்டு எடுத்துத் தின்றேன். இனிப்பாக இருந்தது.

இன்னும் இருக்கிறது. இதுதான் மோசமானது.

என் ஆய்வேடு, பக்கம் நாற்பத்தொன்று. 'தொழிலாளி ஒருவர் மலைச்சரிவில் இரண்டு தடவை விழுந்ததாகவும், அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றும் கூறினார்.' அங்கே அது பொருந்தியது. பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, நல்ல சான்று என்று எழுதினார். துரையின் மேசைக்குப் போக வேண்டிய வரி என் பக்கத்துக்கு வந்தது. நான் மகிழ்ந்தேன். அன்று நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். நாற்பதாம் நம்பரில் ஏறிக்கொண்டிருந்தீர்கள். துரை பார்ப்பார் என்று காத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வருட ஆகஸ்ட் மழையில் அம்மா போன் செய்தாள். "கண்ணு, கீழ் லைன்ல அந்தக்கா தவறிட்டாங்களாமா. மலையில விழுந்தவங்க எந்திரிக்கவே இல்லியாமா. பாக்கறேன்னு தொரை சொன்னாராமா, அதுக்குள்ள இப்படி ஆயிருச்சுன்னு அவங்க மக அழுவுது."

'பாக்கறேன்னு தொரை சொன்னாராமா.' அந்த வார்த்தை என்னுடையது.

நான் வரவில்லை அக்கா. தேர்வு இருந்தது. தேர்வு முடிந்த பிறகும் வரவில்லை. அதன்பின் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் மேல் பாதையில் சுற்றிப் போனேன்.

இப்போது நானும் கல்லூரியில் கட்டுரை திருத்துகிறேன். பாதியில் விட்ட சொற்றொடரைக் கண்டால் இன்னும் வட்டம் போடுகிறேன். போடத்தான் வேண்டும். முழுசாக எழுதினவளின் தாளையும் விடுவதில்லை. ஓரத்தில் 'சரி, பிறகு?' என்று எழுதுகிறேன். மாணவிகளுக்கு அது எரிச்சல். ஒருத்தி கேட்டாள், "மேம், கிராமர் கரெக்ட்தானே?" கரெக்ட்தான் என்றேன். உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு கேள்விதான். விழுந்தத எழுதிட்டியா?

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். மணி நாலரை. கொழுந்தை எடை போட்டுவிட்டு உங்கள் மகள் வந்திருப்பாள். தாளை எடுத்துக்கொண்டு நாற்பது படி இறங்கினேன்.

வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர், அதிசயமா இருக்கு" என்றாள். நின்றபடியே படித்துக் காட்டினேன். முதலில் கடிதம், தமிழில். பிறகு துரையின் ஒன்றரை வரி. பிறகு நீங்கள் சொன்னது, நீங்கள் சொன்னபடியே.

"ரெண்டு தடவயா?"

"ரெண்டு தடவ."

"அப்ப தொரைக்கே தெரியாதா?"

"தெரியாது. நான் எழுதல. பாக்கறேன்னு அவர் சொல்லவும் இல்ல. நான்தான் சொன்னேன்."

அவள் குழாயை மூடினாள்.

"மூணு வருசமா அந்தாளத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

அவள் ஈரக் கையை நீட்டினாள். தாளை அவளிடம் கொடுத்துவிட்டுப் படியேறி வந்தேன்.