அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், கடையில் ஜெராக்ஸ் மெஷினும் ஒருவழியாகச் சுகம், உன் அப்பாவின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவர் காதுபட அவரைப் பற்றி எப்படிக் கோள் சொல்வது? அதனால் கடையில் உட்கார்ந்து வீணாய்ப்போன தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

அவருடைய ஆஸ்துமாவுக்காக ஊதும் குழாயை வாங்கிக் கொடுத்து, போனில் ஆப்பையும் போட்டுவிட்டுப் போனாயே, காலையில் ஊதினால் உனக்கும் ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் தெரிந்துவிடும், பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் ஆபத்து என்று. மனுஷர் கொஞ்ச நாளிலேயே அதில் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். பச்சை வந்தால் நீ கூப்பிடுவதில்லை, சிவப்பு வந்தால் உடனே கூப்பிடுகிறாய். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நுரையீரலுக்கும் லீவு. டிரைவிங் ஸ்கூலில் காலமெல்லாம் "பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி" என்று கத்திய மனுஷர், இன்றைக்கும் தெருமுனையில் தப்பாக வண்டி திருப்புகிறவனை மாடியிலிருந்தே கிழிக்கிறவர், கீழே வந்து குழாயை வாயில் வைத்ததும் பூனைக்குட்டி மாதிரி ஊதுவார். நானும் பயந்துபோய் வெந்நீரும் கையுமாக அலைந்தேன். கடைசியில் நர்ஸ் கூப்பிட்டு, மாத்திரையைக் கூட்ட டாக்டரிடம் கேட்கப்போவதாகச் சொன்னதும் ஆடிப்போனார். வீடியோவில் அவள் கண்ணெதிரே ஊதிக் காட்டினார், பச்சையென்றால் அப்படியொரு பச்சை. அவள் அசராமல், "நடிப்புக்கெல்லாம் எங்ககிட்ட மாத்திரை இல்லீங்கய்யா" என்றாள். அதைக் கேட்டு நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய்.

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டில் சுவரை இடித்தார்கள், ஒரே தூசி. சிவப்பு வந்து நீ கூப்பிட்டபோது, "சும்மா ஊதினேம்மா, பழக்கதோஷம்" என்று சொன்னாராம். நீயும் சிரித்துவிட்டு வைத்துவிட்டாய், உன்மேல் தப்பில்லை. நர்ஸ் கூப்பிட்டதற்குப் போனையே எடுக்கவில்லை. மத்தியானம் நான் சாப்பிடப் போனால் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், உதடெல்லாம் நீலம், பேச்சு வரவில்லை. வாடகைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அந்த நிலையிலும் டிரைவர் வளைவில் வேகமாகத் திரும்பியபோது இவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. இரண்டு நாள் மாஸ்க் போட்டு மருந்து கொடுத்தார்கள், இப்போது வீட்டில் இருக்கிறார், சத்தியமாக நன்றாக இருக்கிறார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால், "நெஜமாவே முடியலன்னு தெரிஞ்சா புள்ள அங்க தனியா கெடந்து பயந்துடுமே" என்கிறார். நன்றாக இருக்கும்போது முடியவில்லை என்பாராம், முடியாதபோது நன்றாக இருக்கிறேன் என்பாராம். திட்டிக்கொண்டே அழுதேன்.

ஆகவே கேட்டுக்கொள். சிவப்பு வந்தால் அவர் எதைச் சொன்னாலும் நம்பாதே, என்னைக் கூப்பிடு. பச்சை வந்தால் அவரைக் கூப்பிடு. என்னப்பா பண்றீங்க என்று கேட்டால் போதும், மீதியை அவரே பேசிக்கொள்வார். நோய்நொடி இல்லாமல் நீ நிறைவாக வாழ வேண்டும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. இன்று காலை பச்சைதான் வந்தது. குழாயைக் கழுவி வைத்துவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பாவைக் கட்டி மேய்க்கும்
அம்மா