மேய்ச்சல் புறம்போக்கு

அன்பு மகள் நூரைனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அப்பாவும் உடம்பால் நலம். மற்றதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மே மாதம் இங்கிலாந்துக்கு உன்னிடம் வந்து திரும்பியதிலிருந்து நீ என் போனுக்குத்தான் கூப்பிடுகிறாய். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கச் சொல்வதில்லை. நாம் பேசி முடிக்கும்வரை அவர் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். வீடு வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன் என்று போன வாரம் நீ சொன்னதும் எழுந்து வெளியே போனார்.

அன்றைக்கு ஆசையாகத்தான் கூட்டிப்போனாய். தேசியப் பூங்கா என்றதும் கேட்டும் டிக்கெட்டும் நாலு ஊஞ்சலும் இருக்கும் என்று நினைத்து நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தோம். இறங்கினால் கண் எட்டுகிறவரை பழுப்புப் புதர். காற்று. சாலையில் குதிரைகள். அடுத்த ஊரில் கல் வீடுகள், அங்கே ஒரு கடையில் டீ, ஜாம் தடவிய ரொட்டி. பிறகு மேட்டோரமாக நீ வாங்க நினைத்த வீட்டைக் காட்டினாய். ஆகஸ்டில் இந்தப் புதர் முழுக்க ஊதாவாகப் பூக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் அவர், ஏம்மா, இவ்ளோ தூரம் வந்து இந்தப் பொறம்போக்குலயா குடியிருக்கப் போற என்றார். உன் முகம் போன போக்கு. உடனே காரைத் திருப்பினாய்.

வேங்கிக்காலில் பத்திரம் எழுதியே காலம் தள்ளியவர் அவர். தெருவில் வசவாகச் சொல்லும் வார்த்தை அவருக்கு ஒரு நிலத்தின் வகை. மேய்ச்சல் புறம்போக்கு. யார் பெயரிலும் இராது, எல்லார் ஆடும் மேயும். இதை அங்கேயே நான் சொல்லியிருக்கலாம். காற்றில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் மனதில் வசவு துளியும் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். நீ இனி அங்கேதான் என்பது அந்த வீட்டைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

நேற்று அவரோடு பத்திரம் எழுதும் காசி வந்திருந்தார். லண்டன்ல என்ன பார்த்தீங்க பாய் என்று கேட்டார். லண்டன் கெடக்குது, எம்பொண்ணு ஊர்ல ஒரு பொறம்போக்கு இருக்கு, ஒருத்தன் வளைச்சுப் போடல, நம்மாளா இருந்தா இந்நேரம் பிளாட் போட்டு வித்திருப்பான் என்று ஆரம்பித்தவர் டீ ஆறியும் நிறுத்தவில்லை. விட்டா நீங்களே பத்திரம் எழுதிக் குடுத்துருவீங்க போல என்று சிரித்துக்கொண்டே காசி போனார். அதன்பிறகு அப்பா என்னைப் பார்க்காமல் கேட்டார், அந்தப் பொதரு இந்நேரம் பூத்திருக்கும்ல? எனக்கென்ன தெரியும், அவளத்தான் கேக்கணும் என்றேன். கேட்கவில்லை. அவருக்கு வராது.

அல்லாஹ் உனக்கு ஆரோக்கியமும் பரக்கத்தும் தரட்டும். அந்தக் காற்றில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அந்த வீடு இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை விசாரி. பூவைப் படம் எடுத்து அனுப்பு. என் போனுக்கு வேண்டாம்.

உன் அம்மா,
குர்ஷித் பேகம்
திருவண்ணாமலை