ஞானரட்ணத்தின் பெட்டரி

2007 மார்ச் 5

எங்கள் சந்திக்குக் கரண்ட் கம்பி இன்னும் வரவில்லை. கூரையில் சோலார் போட்ட பிறகுதான் என் தொலைபேசிக் கடை இருட்டிய பின்னும் திறந்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கொழும்பிலுள்ள பிள்ளைகளோடு பேச வருகிறார்கள், போனுக்குச் சார்ஜ் போட வருகிறார்கள். இப்போது பெட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. சோலார் பொருத்தித் தந்த ஞானரட்ணத்தைக் கூப்பிட்டேன். திருகோணமலைக்காரன், வேலைக்காக மாத்தளையில் தங்கியிருக்கிறான். "நாளைக்கு வாறன் அக்கா" என்றான்.

மார்ச் 6

எழுதக் கை வரவில்லை.

ஞானரட்ணம் வந்தான். பெட்டரியில் செல் செத்துவிட்டதாம். தன்னிடமிருந்த ஒன்றை எனக்கு வைத்துவிட்டு, என்னுடையதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். சந்தியில் ராணுவத்தினர் மறித்தார்கள். சாக்குக்குள் பெட்டரி, பையில் வயர், அடையாள அட்டையில் திருகோணமலை. குண்டு வைக்க வந்த புலியோ என்று அவர்களுக்குச் சந்தேகம். அவன் என் கடையைக் கைகாட்டினான். வாசலுக்கே கூட்டி வந்தார்கள்.

"இவனைத் தெரியுமா?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.

"தெரியாது" என்றேன்.

ஏன் சொன்னேன்? யோசிக்கவே இல்லை — வாய் சொல்லிவிட்டது. ஞானரட்ணம் என்னைப் பார்த்தான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் 7

அவன் வைத்துவிட்டுப் போன பெட்டரி நன்றாக வேலை செய்கிறது. சீ, அந்த வெளிச்சத்துலதானே ஒக்காந்து யாவாரம் பண்றேன்!

மார்ச் 8

கடை போன் அடித்தது. ஞானரட்ணத்தின் மனைவி.

"உங்கட கடைக்குத்தான் போறன் எண்டு சொன்னவர். வந்தவரோ அக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இப்ப எங்க வச்சிருக்கினம்?" என்று மட்டும் கேட்டாள். அதைக்கூட நான் விசாரித்திருக்கவில்லை.

மார்ச் 9

பக்கத்துப் பலசரக்குக் கடை மர்சூக் நானாவிடம் சொல்லி அழுதேன். "அன்னைக்கு நான் தம்புள்ளைக்கு சாமான் எடுக்கப் போயிருந்தேன். இருந்திருந்தா நானும் என்ன சொல்லியிருப்பேனோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றார். ஆனாலும் ராணுவம் அவனைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டதை விசாரித்து அறிந்து, கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பொலிசுக்கு வந்தார்.

"பெட்டரி என்னோடது சேர். அந்தத் தம்பியை எனக்கு நல்லாத் தெரியும்."

"அன்றைக்கு ஏன் தெரியாது என்றாய்?"

"பயம் சேர்."

"இன்றைக்குப் பயமில்லையா?"

"இருக்குது சேர்."

மர்சூக் நானாவும் அவனுக்காகப் பேசினார். எழுதிக்கொண்டார்கள். இன்னும் விடவில்லை.

மார்ச் 12

விட்டுவிட்டார்களாம். மனைவிதான் சொன்னாள். அவன் போனுக்கு வரவில்லை.

ஏப்ரல் 3

வேறு ஆளை அனுப்புவான் என்றிருந்தேன். ஞானரட்ணமே என் பெட்டரியைச் சரிசெய்து கொண்டுவந்தான். மெலிந்திருந்தான்.

"தம்பி, என்னைய..." என்று தொடங்கினேன்.

"விடுங்கோ அக்கா."

பெட்டரியை இறக்கி வைத்தான். ஆனால் வயரைத் தொடவில்லை. வாசலுக்குப் போய் மர்சூக் நானாவைக் கூப்பிட்டான்.

"வேலை முடியுமட்டும் இங்க நில்லுங்கோ நானா. ஆரும் வந்து கேட்டா, என்னைத் தெரியும் எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்."

நான் பக்கத்தில்தான் நின்றேன்.