மலருக்குக் காய்ச்சல் என்று சொன்ன நாள்

வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. புஷ்பராணியின் மாமனார், மாமியார் முதல் கொழுந்தன் பிள்ளைகள் வரை பதினோரு பேர் தீம் பார்க்குக்குக் கிளம்புகிறார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் அங்கே வருகிறார்கள். இன்றைக்கே மகள் மலர்விழியின் கல்யாணத் தேதி குறிப்பதாகப் பேச்சு. அவளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் நிறுத்தியிருந்தாள் புஷ்பராணி. கணவர் மகளின் அறை வாசலிலேயே உட்கார்ந்து காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் அடுப்படியில் நின்றபடியே காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்.

"மலரு, பானையில கஞ்சி இருக்கு. சாப்பிட்டுட்டுக் கிளம்பு. அப்பா அலமாரியில பூட்டி வச்ச உன் ஐசி அடையாள அட்டையையும் தாதிப் பயிற்சிக் கடிதத்தையும் ஒரு பையில போட்டு அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கேன். முன்கதவ அவரு வெளியில பூட்டிருவாரு. பின்கதவுச் சாவியும் அந்தப் பையிலதான். பத்து மணி ஃபெர்ரியில ஏறிட்டா பட்டர்வொர்த்துல கோலாலம்பூர் பஸ் கிடைக்கும். பயிற்சியில சேர நாளைக்குக் காலையில நீ அங்க நிக்கணும். நேத்து அவரு கத்தினப்ப அம்மா வாயத் தொறக்கலன்னு உனக்குக் கோபம். தொறந்திருந்தா அலமாரிச் சாவி என் கைக்கு வந்திருக்காது."

"புஷ்பம்! எல்லாரும் ஏறியாச்சு, சீக்கிரம்லா!" வேனருகிலிருந்து கணவர் கூப்பிட்டார்.

"இந்தா வரேங்க!"

இனி நாள் முழுக்க அந்த மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். பிறகு இதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். தாளின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதி, பானைக்கு அடியில் செருகினாள்.

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். சாயங்காலம் நாங்க வர்றப்ப நீ வீட்டுல இருக்காதேம்மா."