மறையூரில் எடுத்த உன் படம்

என் ஆசை அண்ணா,

நீ போய் ஏழு மாதமாகிறது. மீனாட்சிபுரத்தில் இந்த வருஷம் நல்ல மழை. செவலைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. உனக்குத்தான் இன்னும் கருமாதி நடக்கவில்லை. அதற்கு நான்தான் காரணம்.

மறையூர்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போன உனக்கு மலைக்காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னதும் ஓடி வந்தேன். வந்து சேர்வதற்குள் உயிர் போயிருந்தது. உடம்பை ஊருக்குக் கொண்டுபோக முடியாது, இங்கேயே எரித்துவிடுங்கள் என்றார்கள். அம்மாவுக்கு உன் முகத்தைக் காட்ட வேறென்ன வழி? தோட்டத்துத் துரையைப் படமெடுக்க உடுமலையிலிருந்து ஒரு படக்காரர் வந்திருந்தார். அவர் காலைப் பிடித்தேன். உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைத் துண்டால் கட்டி, மேலே சட்டையை இழுத்துவிட்டேன். உன் தலை சாயச் சாய நிமிர்த்திய கை இது.

கண் மூடியிருக்கிறதே, திறந்த மாதிரி வரைந்து தருகிறேன், எப்படிப்பட்ட கண் என்று அவர் கேட்டார். அம்மை வார்த்து உன் இடது கண்ணில் பூ விழுந்ததும், ஊரே உன்னைப் பூக்கண்ணா என்று கூப்பிட்டதும் ஞாபகம் வந்தது. செத்த பிறகாவது நன்றாக இரு என்று நினைத்து, இரண்டும் நல்ல கண் என்று சொல்லித் தொலைத்தேன்.

நாலு படம் வந்தது. மூன்றைச் சொந்தக்காரர்கள் வாங்கிப்போய்ச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். ராசா மாதிரி இருக்கிறாயாம். பிணத்தை எடுத்தது என்று யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சலுக்கு முன்னால் எடுத்தது என்று புளுகினேன். அம்மா மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ற பையனுக்கு எடக்கண்ணுல பூவு கெடக்குது. இவனுக்கு ரண்டும் கோலிக்குண்டாட்டம் இருக்குது. செத்தவன் வேற ஆரோடா. நீ அவசரத்துல ஆளை மாத்திப் பாத்துட்டு வந்துட்டே."

அதோடு கருமாதியை நிறுத்திவிட்டாள். உனக்கு உரிமையான மாமன் மகளை வேறெங்கும் கொடுக்கக் கூடாது என்று மாமாவிடம் ஒரே சண்டை. அந்தப் பெண்ணுக்கு வந்த இரண்டு வரன்களும் திரும்பிப் போயின. போன வெள்ளிக்கிழமை மாமா வாசலில் நின்று அழுதார். செத்தவனுக்காக என் பெண் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பாள் என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு, அண்ணா?

இனியும் வாயை மூடியிருந்தால் நான் மனுஷனில்லை. வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்பை ஈர்க்குச்சியில் தொட்டு, எங்களிடமிருந்த படத்தில் உன் இடது கண்மேல் ஒரு பொட்டு வைத்தேன். நாற்காலி, துண்டு, என் புளுகு எல்லாவற்றையும் சொல்லி அம்மாவிடம் நீட்டினேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமனைப் புள்ளைக்கு வேற எடம் பாக்கச் சொல்லீரு" என்றாள்.

அப்புறம் அவள் அழுத சத்தத்துக்குப் பக்கத்து வயல்காட்டு ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஏழு மாதமாக உன்னை உயிரோடு வைத்திருந்தாள். நான் பிடுங்கிவிட்டேன்.

வருகிற அமாவாசைக்குக் கருமாதி. மற்ற மூன்று படங்களையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அழகான படத்தைக் கெடுத்தாயே என்று திட்டுவார்கள். திட்டட்டும். மூன்றிலும் உன் கண்ணை உனக்குத் திருப்பித் தருவேன், அண்ணா. இது அம்மா மேல் சத்தியம்.

உனக்குப் பின்னால் பிறந்த
உன் தம்பி