இடம் மாறிய சுழி

மார்ச் 4

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

நான் நலம். குட்டியின் இருமல் நின்றதா? பத்து நாளில் திரும்புவதாகச் சொன்னேன், இன்னும் ஒரு வாரம் ஆகும் போலிருக்கிறது. பந்தயக் குதிரை ஒரு இடத்தில் நின்றால்தானே வரைய முடியும்! உடம்பு முடிந்தது, முகம்தான் பாக்கி. கோபித்துக்கொள்ளாதீர்கள். குட்டிக்குப் பின்னலை இறுக்கிப் போடாதீர்கள், தலை வலிக்கும் அவளுக்கு.

உங்கள்
குட்டி அம்மா

மார்ச் 9

குட்டி அம்மாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. பின்னல் எனக்கு வரவில்லை. "அம்மா ஊர்ல இல்லையா?" என்று டீச்சர் கேட்டாராம். போன வருஷம் ஒரு முழுக் குதிரையை ஆறே நாளில் முடித்தாய், இப்போது முகத்துக்கு மட்டும் ஒரு வாரமா? நேற்று லாயத்து ஆபீசுக்குப் போன் செய்தேன். "அவங்க முதலாளிகூட பேசிட்டிருக்காங்க, கதவு சாத்தியிருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்ன பேச்சு? நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

குட்டி அப்பா

மார்ச் 13

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

நடந்ததைச் சொல்கிறேன். நான் வரைய ஆரம்பித்த குதிரைக்கு இடது கண்ணுக்கு மேலே முடிச் சுழி. ஐந்தாம் தேதி கொண்டுவந்து நிறுத்திய குதிரைக்கு நடு நெற்றியில். நிறம், உயரம் எல்லாம் அச்சு அசல். சுழி இடம் மாறுமா? "இது வேற குதிரையாங்க?" என்று நீங்கள் போன் செய்த அன்றுதான் முதலாளியிடம் கேட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நீ வரையறவ. வரைஞ்சிட்டுப் போ." என் கண்தான் ஏமாந்துவிட்டது என்று சிரித்து மழுப்பினேன்.

சனிக்கிழமை பந்தயம். அதே பெயரில் இதை ஓட்டப் போகிறார்கள். இப்போதே சொன்னால் பழைய குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். இரண்டு முகங்களையும், பழையதை நினைவிலிருந்து, தனித்தனித் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன், அன்று காலை பந்தய அதிகாரியிடம் கொடுப்பேன். பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள்
குட்டி அம்மா

மார்ச் 19

குட்டி அப்பாவுக்கு,

குதிரையை ஓட விடவில்லை. அதிகாரி என் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அதன் நெற்றியைத் தடவித் தடவிப் பார்த்தார். முதலாளியை விசாரிக்கிறார்கள்.

பெட்டியோடு வெளியே வந்தபோது காவலாளி சொன்னார்: "நேத்து உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாரும்மா, சின்னப் பொண்ணோட. முதலாளி உங்க ரூமுக்கு வந்து போவாரான்னு கேட்டார். கூப்பிடவான்னேன், வேண்டாம்னுட்டார்."

வியாழக்கிழமையே என் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். பயமாக இருக்கிறது என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். வந்தும் என்னைப் பார்க்கவில்லை. குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

நேற்றிலிருந்து அக்கா வீட்டில் இருக்கிறேன். வரும் வியாழக்கிழமை குட்டியை அழைத்துப் போக வருவேன். அவள் துணிகளை எடுத்து வையுங்கள். நான் வருவதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். என்னைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதீர்கள்.

குட்டி அம்மா